பரம்பரை நோய்க்குக் கணக்கு எழுதிய மேதை ஹால்டேன்

1957-ம் ஆண்டு ஜூலை மாதம். கல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு ஒரு புதிய பேராசிரியர் வந்து சேர்ந்தார்.

ஆஜானுபாகுவான உடம்பு. வழுக்கைத் தலை. அடர்ந்த மீசை. வயது 64. பிறந்தது இங்கிலாந்து நாட்டின் ஆக்ஸ்போர்டு நகரம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 24 ஆண்டுகள் பேராசிரியராக இருந்தவர்.

இந்தியாவில் குடியேறியதும் கோட்டையும் டையையும் கழற்றி வைத்தார். வேட்டியும் ஜிப்பாவும் அணிந்தார். மாமிசத்தைக் கைவிட்டார். பிறகு இந்தியக் குடியுரிமையும் பெற்றார்.

அவர்தான் ஜே.பி.எஸ். ஹால்டேன். பெற்றோரிடம் இருந்து பிள்ளைக்கு வியாதி எப்படி வருகிறது, யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதைக் கணக்குப் போட்டுச் சொன்ன விஞ்ஞானிகளில் முதல் வரிசையில் நிற்பவர்.

பிள்ளை நோயோடு பிறந்தால் வீட்டுக்கு வந்த மருமகளைக் குற்றம் சொல்வது பல நாடுகளில் உள்ள வழக்கம். அரண்மனையிலும் அது நடந்தது. அந்தப் பழிக்கு ஆதாரம் இல்லை என்பதை வெறும் காகிதத்தையும் பென்சிலையும் கொண்டு காட்டியவர் ஹால்டேன்.

சுரங்கத்தில் படித்த பாடம்

ஹால்டேன் 1892-ம் ஆண்டு நவம்பர் 5-ந்தேதி பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் பெயர் பெற்ற விஞ்ஞானி. மனிதன் மூச்சு விடுவது எப்படி, சுரங்கத் தொழிலாளர்களை விஷவாயு கொல்வது எப்படி என்று ஆராய்ந்தவர்.

ஒருமுறை அவர் சிறுவனான மகனையும் சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்றார். தாழ்ந்த கூரை உள்ள ஓர் இடத்தில் அவனை நிமிர்ந்து நிற்கச் சொன்னார். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் ஆண்டனி பேசும் பேச்சை ஒப்பிக்கச் சொன்னார்.

பையன் ஆரம்பித்தான். சில வரிகளிலேயே மூச்சு வாங்கியது. கால் தளர்ந்து தரையில் சாய்ந்தான். தரையில் நல்ல காற்று இருந்தது. உடனே தெளிந்துவிட்டான்.

சுரங்க வாயு காற்றைவிட லேசானது. அது மேலே தங்கும், கீழே இறங்காது. புத்தகத்தில் இருந்து அல்ல, தன் உடம்பில் இருந்தே ஹால்டேன் இதைப் படித்துக் கொண்டார். அன்று முதல் தன் உடம்பையே சோதனைக்கூடம் ஆக்கிக் கொள்ளும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது.

பட்டாணிச் செடி சொன்ன செய்தி

1901-ம் ஆண்டு. ஹால்டேனுக்கு 8 வயது. தந்தை அவரை ஒரு விஞ்ஞானச் சொற்பொழிவுக்கு அழைத்துப் போனார். பேசியவர் டார்பிஷயர் என்ற ஆராய்ச்சியாளர். பேச்சின் பொருள் மெண்டல் கண்டுபிடித்த விதிகள்.

மெண்டல் ஒரு கிறிஸ்தவ மடத்துத் துறவி. இன்றைய செக் நாட்டில் உள்ள புரூனோ நகரில் வாழ்ந்தவர். மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து, ஒன்றோடு ஒன்று சேர்த்து, பிறந்த செடிகளை எண்ணிக் கணக்கு வைத்தார். 1866-ம் ஆண்டு அதை அச்சிட்டார். யாரும் கவனிக்கவில்லை. 1884-ல் அவர் இறந்தும் போனார். 1900-ம் ஆண்டில்தான் உலகம் அதைத் தோண்டி எடுத்தது.

மெண்டலின் விதி எளியது. ஒவ்வொரு குணத்துக்கும் பிள்ளை இரண்டு பங்கு பெறுகிறது. தாயிடம் இருந்து ஒன்று, தந்தையிடம் இருந்து ஒன்று. இந்தப் பங்குதான் ஜீன் எனப்படும் மரபணு.

சில ஜீன் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும். ஒரு பங்கு கெட்டு இருந்தாலும் மறு பங்கு நல்லதாக இருந்தால் ஆள் சுகமாக இருப்பார். அவரை நோய் தாங்கி என்பார்கள்.

தாயும் தந்தையும் ஒரே நோய்க்குத் தாங்கியாக இருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. பெற்றோரைப் போலத் தாங்கியாக இருக்க நாலில் இரண்டு வாய்ப்பு. முற்றிலும் விடுபட நாலில் ஒரு வாய்ப்பு.

இதில் பலர் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. முதல் பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குப் பயம் இல்லை என்று நினைப்பார்கள். அது சரியல்ல. காசைச் சுண்டினால் முன்பு தலை விழுந்ததா, பூ விழுந்ததா என்பது காசுக்கு ஞாபகம் இராது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது.

இந்தச் செய்தி 8 வயதுச் சிறுவன் மனத்தில் பதிந்துவிட்டது.

வீட்டுப் புல்வெளியில் ஆராய்ச்சி

ஹால்டேனின் தங்கை நவோமி. பின்னாளில் புகழ் பெற்ற நாவலாசிரியை ஆனவர். அவர் வீட்டுப் புல்வெளியில் கினிப்பன்றிகள் வளர்த்தார். அண்ணனும் தங்கையும் அவற்றின் நிறத்தையும் ரோமத்தையும் பார்த்து, குட்டிகள் எப்படிப் பிறக்கின்றன என்று குறித்து வைத்தார்கள்.

பிறகு ஸ்பிரன்ட் என்ற நண்பரும் சேர்ந்து கொண்டார். மூவரும் எலிகளை ஆராய்ந்தார்கள். சில ஜீன்கள் பிரியாமல் சேர்ந்தே பிள்ளைக்குப் போகின்றன என்று கண்டார்கள். கட்டுரை 1915-ல் வெளிவந்தது. அதற்குள் முதல் உலகப் போர் மூண்டு, ஸ்பிரன்ட் போர்க்களத்தில் இறந்துவிட்டார்.

ஹால்டேனும் பட்டாளத்தில் இருந்தார். பிரான்சிலும் மெசபடோமியாவிலும் காயம் அடைந்தார். காயம் ஆற அவரை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அப்போது இங்கே வெள்ளையர் ஆட்சி. இந்த நாடு அவருக்குப் பிடித்துவிட்டது. இந்தியரோடு சரிசமமாகப் பழகும் காலம் வந்தால்தான் திரும்பி வருவது என்று அப்போதே முடிவு செய்தார். 40 ஆண்டு கழித்து அதை நிறைவேற்றினார்.

ஆக்ஸ்போர்டில் அவர் படித்தது கணிதமும், கிரேக்க, லத்தீன் இலக்கியமும்தான். விஞ்ஞானத்தில் பட்டமே பெறவில்லை. ஆனாலும் 1923-ல் கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல் கற்பிக்கும் பதவி கிடைத்தது. 1933-ல் லண்டனில் பேராசிரியர் ஆனார்.

தொட்டியில் ஓட்டை

ஹீமோபிலியா என்று ஒரு வியாதி. உடம்பில் காயம் பட்டால் ரத்தம் எளிதில் உறையாது. மூட்டுக்குள்ளேயே ரத்தம் கசியும். பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே வரும். தாய் சுகமாக இருப்பாள்.

காரணம் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. ஆணுக்கு ஒன்றுதான். ரத்தத்தை உறைய வைக்கும் இந்த ஜீன் எக்ஸில் உள்ளது. பெண்ணுக்கு ஒன்று கெட்டாலும் மற்றொன்று காப்பாற்றும். ஆணுக்கு மாற்று இல்லை.

தாய் தாங்கியாக இருந்தால் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் தாங்கியாக இரண்டில் ஒரு வாய்ப்பு. தந்தை நோயாளி, தாய் தாங்கி இல்லை என்றால் மகன் யாருக்கும் நோய் வராது. ஏனென்றால் மகன் தந்தையிடம் எக்ஸ் பெறுவதில்லை. மகள் எல்லோரும் தாங்கி ஆவார்கள்.

இதுவரை மற்றவர்களும் அறிவார்கள். ஹால்டேன் 1935-ல் கேட்ட கேள்வி வேறு.

அந்தக் காலத்தில் ஹீமோபிலியாவுக்கு மருந்து இல்லை. நோய் கண்ட பையன்களில் பெரும்பாலோர் கல்யாண வயதுக்கு முன்பே இறந்தார்கள். அவர்களோடு கெட்ட ஜீனும் அழிந்தது. உலகில் உள்ள எக்ஸ் குரோமோசோம்களில் மூன்றில் ஒன்று ஆண்களிடம் இருக்கிறது. ஆகவே தலைமுறைக்குத் தலைமுறை கெட்ட ஜீன்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒழிந்து போக வேண்டும். சில நூறு ஆண்டுகளில் நோயே மறைந்திருக்க வேண்டும். மறையவில்லையே, ஏன்?

ஓட்டைத் தொட்டியில் இருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் மட்டம் குறையவில்லை. அப்படியானால் எங்கேயோ ஒரு குழாய் திறந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஹால்டேன் இதைத்தான் சொன்னார். நல்ல ஜீன் தானாகவே கெட்டுப் போவது உண்டு. ஒழியும் அளவுக்குப் புதிதாக முளைக்கிறது. எவ்வளவு என்றும் கணக்கிட்டார். ஒரு தலைமுறையில் 50 ஆயிரம் எக்ஸ் குரோமோசோம்களுக்கு ஒன்று என்ற அளவில் இந்த மாற்றம் நேர்கிறது. மனித ஜீன் மாறும் வேகத்தை இப்படிக் கணித்தது உலகத்துக்குப் புதிது.

இதன் பலன் சாதாரணக் குடும்பத்துக்கும் உண்டு. ஹீமோபிலியா நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவர் வீட்டில் அதற்கு முன் அந்த நோய் இருந்ததே இல்லை. அது யாருடைய வம்சத்துக் குற்றமும் அல்ல.

1947-ல் அவர் இன்னொன்றும் சொன்னார். இந்தப் புதிய மாற்றம் பெண்களைவிட ஆண்களின் விந்தணுவில்தான் அதிகம் நேர்கிறது என்றார். பிற்கால ஆராய்ச்சிகள் அதை உறுதி செய்தன.

அரண்மனையில் விழுந்த பழி

இங்கிலாந்து ராணி விக்டோரியாவின் மகன் லியோபோல்டு ஹீமோபிலியா நோயாளி. 1884-ல் கீழே விழுந்து 30 வயதில் இறந்தார். ராணியின் மகள்களில் ஆலிஸ், பியாட்ரிஸ் இருவரும் தாங்கிகள்.

ஆலிஸின் மகள் ரஷ்யச் சக்கரவர்த்தியை மணந்தார். அவர்களுடைய ஒரே மகன் அலெக்சிக்கு நோய் வந்தது. பியாட்ரிஸின் மகள் ஸ்பெயின் அரசர் 13-ம் அல்போன்சோவை மணந்தார். பிறந்த மகன்களில் இருவருக்கு நோய். அரசர் மனைவி மீது வெறுப்புக் கொண்டார். கடைசிவரை அவரை மன்னிக்கவே இல்லை. நோய் கண்ட இரு இளவரசர்களும் 1934-லும் 1938-லும் கார் விபத்தில் பட்ட காயத்தில் ரத்தப்போக்கால் இறந்தார்கள்.

விக்டோரியாவின் முன்னோர் வீட்டில் இந்த நோய் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் பிறந்தபோது தந்தை கென்ட் கோமகனுக்கு வயது 51. அந்தத் தந்தையின் உயிரணுவில்தான் ஜீன் புதிதாகக் கெட்டிருக்க வேண்டும் என்று ஹால்டேன் கருதினார். அப்படியானால் மூன்று அரச குடும்பங்களின் கண்ணீருக்கு ஸ்பெயின் ராணி எப்படிப் பொறுப்பாவார்?

2009-ல் ரஷ்ய அரச குடும்பத்தின் எலும்புகளைச் சோதித்தார்கள். அது ஹீமோபிலியாவில் 'பி' என்ற வகை என்று தெரிந்தது.

ஒரே பெட்டியில் இரண்டு பயணிகள்

நோய் தாங்கும் பெண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கும் ஹால்டேன் வழி தேடினார்.

ஜூலியா பெல் என்ற பெண் டாக்டர் பரம்பரை நோய் உள்ள குடும்பங்களின் வம்ச விவரங்களைத் திரட்டி வந்தார். அவரும் ஹால்டேனும் 1937-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நிறக்குருடு உண்டாக்கும் ஜீனும் எக்ஸில்தான் உள்ளது. ஹீமோபிலியாவும் நிறக்குருடும் உள்ள குடும்பங்களில் அந்த இரண்டும் பெரும்பாலும் பிரியாமல் சேர்ந்தே போகின்றன என்று காட்டினார்கள்.

ரயிலில் ஒரே பெட்டியில் ஏறிய இரண்டு பயணிகளைப் போல. ஒருவர் முகம் தெரியும். மற்றவர் முகம் தெரியாது. தெரிந்தவர் இறங்கும் இடத்தைப் பார்த்துத் தெரியாதவர் இறங்கும் இடத்தை ஊகிக்கலாம்.

மனித உடம்பில் இவ்வாறு இரண்டு ஜீன்களின் கூட்டைக் கணக்கிட்டது அதுவே முதல் பெரிய முயற்சி. பின்னாளில் எத்தனையோ பரம்பரை நோய்களைக் கண்டறிய இந்த வழிதான் உதவியது. 1984-ல் ஹீமோபிலியா 'ஏ' வகைக்கான ஜீனையே விஞ்ஞானிகள் பிரித்தெடுத்துப் படித்தார்கள். இன்று ரத்தச் சோதனையிலேயே ஒரு பெண் தாங்கியா இல்லையா என்று சொல்லலாம்.

கணக்கைக் கத்தி ஆக்கியவர்கள்

ஒரு பக்கம் ஹால்டேன் கணக்குப் போட, இன்னொரு பக்கம் ஜெர்மனியில் ஹிட்லர் அரசு 1933-ல் ஒரு சட்டம் கொண்டு வந்தது. பரம்பரை நோய் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை. சுமார் 4 லட்சம் பேர் அதற்குப் பலி ஆனார்கள்.

இது கொடுமை என்பதோடு முட்டாள்தனமும்கூட என்று ஹால்டேன் எதிர்த்தார். 1938-ல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

ஒளிந்திருக்கும் ஜீனால் வரும் ஒரு நோய் 10 ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருப்பதாக வைத்துக் கொள்வோம். மெண்டல் கணக்குப்படி 50 பேரில் ஒருவர் தாங்கியாக இருப்பார். அதாவது ஒரு நோயாளிக்கு 200 ஆரோக்கியசாலிகள் அதே ஜீனைச் சுமக்கிறார்கள். நோயாளியை மட்டும் தண்டித்து நோயை எப்படி ஒழிப்பது?

தொழிலாளர் பத்திரிகையில் எழுதினார்

ஹால்டேன் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தார். டெய்லி ஒர்க்கர் என்ற தொழிலாளர் பத்திரிகையில் 300-க்கும் மேற்பட்ட விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார். ஆலையில் வேலை செய்பவருக்கும் புரியும்படி எழுதுவதில் அவர் மன்னர்.

1939-ல் தெடிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தார்கள். காரணத்தை அறிய ஹால்டேன் தாமே மூடிய அறைக்குள் புகுந்து சோதித்தார். இத்தகைய சோதனைகளில் முதுகெலும்பு அடிபட்டது. காது ஜவ்வு கிழிந்தது. அந்தக் காது வழியே சிகரெட் புகையை விட்டு நண்பர்களைச் சிரிக்க வைத்தார்.

அவர் வாழ்வில் ஒரு கறையும் உண்டு. ரஷ்யாவில் லைசென்கோ என்பவர் மெண்டல் விதிகளையே பொய் என்றார். எதிர்த்த விஞ்ஞானிகள் சிறைக்குப் போனார்கள். கட்சி விசுவாசத்தால் ஹால்டேன் வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். பிறகு கட்சியை விட்டு விலகினார்.

மலேரியாவும் ரத்தமும்

தாலசீமியா என்பது பரம்பரை ரத்தசோகை. தாயும் தந்தையும் தாங்கியாக இருந்தால்தான் பிள்ளைக்குக் கடுமையாக வரும். இத்தாலி, கிரேக்கம் போன்ற மத்தியதரைக் கடல் நாடுகளில் இது அதிகம். உயிரைக் கொல்லும் ஜீன் அங்கே மட்டும் பெருகியது ஏன்?

அந்த இடங்களில் மலேரியா அதிகம் என்பதை ஹால்டேன் கவனித்தார். தாங்கிகளின் ரத்த அணுக்களில் மலேரியாக் கிருமி எளிதில் பிழைக்க முடியாமல் இருக்கலாம் என்று 1949-ல் எழுதினார். 1954-ல் அல்லிசன் என்ற டாக்டர் கிழக்கு ஆப்பிரிக்காவில், சிக்கிள் செல் என்ற மற்றொரு ரத்தசோகைக்கு இது பொருந்துவதை நிரூபித்தார்.

சிக்கிள் செல் நம் நாட்டிலும் உண்டு. நீலகிரி மலைவாசி மக்களிடம் அது இருப்பது 1952-ல் தெரிய வந்தது. இந்திய அரசு 2023-ல் இதை ஒழிக்க நாடு தழுவிய திட்டம் தொடங்கியது. ஒரு ஜீன் கெட்டதா நல்லதா என்பதுகூட ஊரையும் காலத்தையும் பொறுத்தது என்பதே ஹால்டேன் காட்டிய உண்மை.

சொந்தத்தில் கல்யாணம்

1957-ல் இந்தியாவுக்கு வந்த ஹால்டேன், இங்கே விலை உயர்ந்த கருவிகள் இல்லையே என்று குறை சொல்லவில்லை. கண்ணும் பொறுமையும் போதும் என்றார். ஒரு மாணவர் பவழமல்லிப் பூக்களின் இதழ்களை எண்ணினார். இன்னொருவர் ஆள்காட்டிக் குருவியின் கூட்டைக் கவனித்தார்.

ஆந்திராவைச் சேர்ந்த கிருஷ்ண துரோணம்ராஜு என்ற மாணவர், சொந்தத்தில் கல்யாணம் செய்து கொள்வோரைப் பற்றிக் கணக்கெடுத்தார். தென்னிந்தியாவில் அக்காள் மகளை மணப்பதும் மாமன் மகளை மணப்பதும் நெடுநாள் வழக்கம். ஐரோப்பாவில் கிடைக்காத விவரம் இங்கே வீட்டுக்கு வீடு கிடைத்தது.

இதிலும் கணக்கு தெளிவு. ஒரு ஆள் மேலே சொன்ன 10 ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய்க்குத் தாங்கி என்று வைத்துக் கொள்வோம். அவர் அந்நியத்தில் பெண் எடுத்தால் அவளும் தாங்கியாக இருக்க 50-ல் ஒரு வாய்ப்பு. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 200-ல் ஒரு வாய்ப்பு. மாமன் மகளை மணந்தால் ஏறக்குறைய 32-ல் ஒன்று. அக்காள் மகளை மணந்தால் ஏறக்குறைய 16-ல் ஒன்று.

சொந்தத்தில் மணந்தால் எல்லாப் பிள்ளையும் நோயோடு பிறக்கும் என்பதல்ல இதன் பொருள். அந்த ஆள் தாங்கியாக இல்லாவிட்டால் இந்தக் கணக்கே எழாது. பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகவே பிறக்கின்றன. ஆனால் குடும்பத்தில் ஏற்கனவே பரம்பரை நோய் இருந்தால், கல்யாணப் பேச்சுக்கு முன்பே டாக்டரிடம் போய் விவரம் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசி நாட்கள்

1961-ல் ஹால்டேன் கல்கத்தா நிறுவனத்தை விட்டு வெளியேறினார். ஒரிசா முதல்-மந்திரி பிஜு பட்நாயக் ஆதரவு தந்தார். புவனேசுவரத்தில் அவருக்காக ஒரு ஆராய்ச்சிக்கூடம் அமைந்தது. மனைவி ஹெலன் ஸ்பர்வேயும் விஞ்ஞானி. அவரும் உடன் உழைத்தார்.

புற்றுநோய் வந்தது. லண்டன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. படுக்கையில் இருந்தபடியே தன் புற்றுநோயைக் கேலி செய்து ஒரு கவிதை எழுதினார். ஆரம்பத்திலேயே டாக்டரிடம் போனால் பிழைக்கலாம் என்று மக்களுக்கு அதில் எடுத்துச் சொன்னார். தன் மறைவுக்குப் பிறகு ஒலிபரப்ப, தன்னைப் பற்றிய இரங்கல் உரையைத் தானே பி.பி.சி.யில் பதிவு செய்து வைத்தார்.

1964-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி புவனேசுவரத்தில் ஹால்டேன் காலமானார். வயது 72. அவர் விருப்பப்படி உடலை எரிக்கவும் இல்லை, புதைக்கவும் இல்லை. ஆந்திராவில் உள்ள காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்காக அனுப்பி வைத்தார்கள்.